தோற்றுவிட்டு வா

போன வாரம் ராஜாத்தி தன் தகரப் பெட்டியைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டதோடு நிறுத்தியிருந்தோம். அதற்கே கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் கண்ணீரைக் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமும் வேண்டியிருக்கும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஜெயமங்கலத்தில் நஞ்சையும் புஞ்சையுமாக வசதியுள்ள வீடு இது. தாய் தகப்பன் இல்லை. மூத்தவர் மொக்கைச்சாமி வைத்ததுதான் வீட்டில் சட்டம். அவருக்கு அடுத்தவள் ராஜாத்தி, பழனிசெட்டிபட்டிக் குருசாமிக்கு வாழ்க்கைப்பட்டவள். கடைக்குட்டி சுருளியாண்டி, மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டால் பசி தாகம் தெரியாதவன்.

ஒரு வருஷமாக ராஜாத்தி பிறந்த வீட்டில்தான் கிடக்கிறாள். ஏன் என்பது ஊருக்கே தெரியும்.

அறுவடை முடிந்து கண்மாய் வற்றியதும், மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற சிநேகிதர்கள் கூடிக் கண்மாய்க்குள் ஓட்டம் விடுவது நாலைந்து வருஷப் பழக்கம். பாதையும் கிடையாது, பரிசும் கிடையாது. ஒரே ஒரு சட்டம் உண்டு. கடைசியில் வருகிறவன் தன் வண்டியில் மிச்சமிருக்கிற பெட்ரோலை ஜெயித்தவன் வண்டிக்கு ஊற்றிவிட்டு, வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு, ஊர் கூடுகிற மந்தை வழியாக ஊருக்குள் போக வேண்டும். இதைக் கண்டுபிடித்த மேதாவி நம் சுருளியாண்டிதான்.

போன வருஷம் அவன் ஜெயித்தான். கடைசியில் வந்தவன் குருசாமி. வீட்டு மாப்பிள்ளை வேர்க்க விறுவிறுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு மந்தையைக் கடந்தபோது, சுருளி பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்து ரப்பர் ஹாரனை அமுக்கி அமுக்கி விளையாடினான். பெண்கள் வாசலுக்கு வந்து சிரித்தார்கள். அவனுக்கு அது வேடிக்கை. அடுத்த வாரமே குருசாமி பெண்டாட்டியை மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டான்.

நியாயம் கேட்கப் போனவர்களிடம், "உங்க வீட்டு ஹாரன் சத்தம் இன்னும் என் காதுல கேக்குது. அது நிக்கட்டும், அப்புறம் பேசுவோம்" என்றானாம்.

இப்போது அவனே ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியிருக்கிறான். இந்த வருஷ ஓட்டத்துக்கும் வருவான். சுருளி கடைசியில் வர வேண்டும். வந்தால் அன்றைக்கே ராஜாத்தியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான்.

அந்த நாள் விடிந்துவிட்டது.

மாட்டுக் கொட்டத்தின் ஓரத்தில் சுருளி தன் பி.எஸ்.ஏ. வண்டியைக் கழற்றிக்கொண்டிருந்தான். மலையை விட்டுப் போன எஸ்டேட் துரை ஒருவரிடம் மொக்கைச்சாமி தம்பிக்காக வாங்கிக் கொடுத்த வண்டி. மட்கார்டு, முன்விளக்கு, பின்சீட்டு எல்லாவற்றையும் ஓட்டத்துக்கு முன்னால் எடுத்துவிடுவார்கள். மேடு பள்ளத்தில் பாரம் குறைந்தால் வண்டி துள்ளும். டயரில் காற்றையும் கொஞ்சம் இறக்கிவிட்டான். தோற்கப் போகிறவனுக்கு இத்தனை சிங்காரம் எதற்கு என்று கேட்பீர்கள். அவன் கையும் அதைத்தான் கேட்டது, ஆனாலும் பழக்கத்தில் வேலையை நிறுத்தவில்லை.

"ஏலே, என்னைப் பாரு."

நீராகாரச் சொம்போடு ராஜாத்தி நின்றாள். தலை வாரிப் பூ வைத்திருந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் தலையில் பூவைப் பார்க்க அவனுக்கு எப்படியோ இருந்தது.

"நான் ஜெயிக்க மாட்டேன்க்கா. போதுமா?"

"போதாது. கடைசியா வரணும். அதுவும் வேணும்ன்டே தோத்தேன்டு பார்க்கிற சனத்துக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா உங்க மச்சானுக்கு அது ஒரு கோவம் வரும்."

"தோக்குறதுக்கு இத்தனை சட்டமா?"

"நீ போட்ட சட்டம்தானடா."

அவனுக்கு முகம் சுண்டிப் போயிற்று. சொம்பை வாங்கிக் குடிக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டான்.

"விழுந்து தொலை" என்றாள் ராஜாத்தி. குரலில் கெஞ்சல் இல்லை. "கால் ஒடிஞ்சாலும் சரி. ஒடிஞ்ச கால் கூடிரும். நான் இன்னொரு வருஷம் இந்த வீட்ல இருந்தேன்டு வையி, மதினி என்னையும் இந்தக் கொட்டத்துலதான் கட்டுவா."

அவள் சொன்னதில் மிகை கொஞ்சம்தான். மொக்கைச்சாமியின் மனைவி கஸ்தூரியம்மாள், நல்ல காரியத்துக்குப் புறப்பட்டால் முதலில் நாத்தனாரை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்வாள். பிறகுதான் வாசல்படி இறங்குவாள். அதைச் சிரித்த முகத்தோடு சொல்வாள் என்பதுதான் அவளுடைய கெட்டிக்காரத்தனம்.

"சரிக்கா. நீ பெட்டிய எடுத்துக்கிட்டு வா" என்றான் சுருளி.

அக்காவுக்காகத் தோற்கிறோம் என்பதில் அவனுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கூடலூர் ராக்கையா மகள் மலையம்மாளை வீரபாண்டித் திருவிழாவில் பார்த்த நாளிலிருந்து அவனுக்குத் தூக்கம் கெட்டதும் உண்மை. பெண் கேட்டுப் போன மொக்கைச்சாமியிடம் ராக்கையா, "வாழாவெட்டி இருக்கிற வீட்ல எம் பொண்ணு விளக்கேத்த மாட்டா" என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னதும் உண்மை. அக்கா போய்விட்டால் அந்தக் கதவு திறக்கும் என்கிற கணக்கு மனத்தின் ஒரு மூலையில் ஓடத்தான் செய்தது. அந்த மூலைக்கு அவன் போகாமல் இருந்தான். நாம் எல்லோரும் செய்கிற காரியம்தான்.

வெயில் சாயத் தொடங்கியபோது கண்மாய்க்குள் ஐந்து வண்டிகள் வரிசையாக நின்றன. வராக நதித் தண்ணீர் நின்று பல நாளாகிவிட்டது. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரையில் பாதி ஊர் கூடியிருந்தது. புளியமரத்து நிழலில் அவிழ்த்துவிட்ட கூண்டு வண்டிக்குள் ராஜாத்தியும் கஸ்தூரியம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி ராஜாத்தியின் மடியில் இருந்தது.

"சீமையில சண்டை வருமாம். வந்தா பெட்ரோல் கண்ணுல காண முடியாதாம். இதுதான் நம்ம கடைசி ஓட்டம்" என்று ஒருவன் சொன்னான்.

"கடைசி ஓட்டத்துல கடைசி யாருன்டு பார்ப்போம்" என்றான் குருசாமி.

மதுரையிலிருந்து வந்த புது நார்ட்டன் வண்டி, வெள்ளை அரைக்கால் சட்டை, அத்தர் வாசனை. எல்லோரும் ஓட்டத்துக்குப் பின்சீட்டைக் கழற்றியிருக்க, அவன் வண்டியில் மட்டும் அது அப்படியே இருந்தது. ஜெயிப்பது நிச்சயம் என்று வந்திருக்கிறான். கூண்டு வண்டிப் பக்கம் ஒரு தரம்கூட அவன் திரும்பவில்லை.

சுருளிக்கு மறு பக்கம் பங்கிராஸ் நின்றான். வேதக்கோயில் உபதேசியார் வீட்டுப் பிள்ளை, தேனியில் பஸ் கம்பெனியில் மெக்கானிக். பழைய ட்ரையம்ப் வண்டி ஒன்றை வாங்கித் தானே பிரித்துப் பூட்டி ஓட்டுகிறவன். சுருளியின் தோள்மேல் கை போட்டுப் பேசக்கூடியவன் அந்தக் கூட்டத்தில் அவன் ஒருவன்தான். இன்றைக்கு என்னவோ அவன் பேசவில்லை.

"என்னடா, உம்முன்டு இருக்க?"

"ஒண்ணுமில்ல. நீ செய்யிறது உனக்குத் தெரியும்" என்றான் பங்கிராஸ்.

அதற்குள் மொக்கைச்சாமி துண்டை வீசிவிட்டார்.

மூன்று சுற்று. புளியமரத்தடியில் கிளம்பி, நடுக் கண்மாயில் தனியாக நிற்கிற கருவேல மரத்தைச் சுற்றி, மடைப்பக்கம் திரும்பிக் கரைமேல் ஏறி, தண்ணீர் வழிகிற கலுங்கின் கல் சரிவு வழியாக இறங்கினால் ஒரு சுற்று. வெடித்த தரையில் முன்சக்கரம் பாளத்துக்குப் பாளம் உதைக்கும். கரை ஏற்றத்தில் கொஞ்சம் அசந்தாலும் வண்டி மல்லாந்துவிடும். புழுதியில் முன்னால் போகிறவனுடைய முதுகைக்கூடப் பார்க்க முடியாது.

முதல் சுற்றில் சுருளி நல்ல பிள்ளையாகப் பின்னாலேயே வந்தான். பற்களைக் கடித்துக்கொண்டு கையை அடக்கினான். புழுதி கிளம்பாத கலுங்குக் கல்லில் இறங்கும்போது முன்னால் போன குருசாமி திரும்பிப் பார்த்தான். வாயைக் குவித்து, "பாம்! பாம்!" என்று ஹாரன் மாதிரிக் கத்திக் காட்டினான்.

அவ்வளவுதான். சுருளியின் கை கைப்பிடியைத் திருகிவிட்டது.

இரண்டாவது சுற்றில் ஒருவன், இன்னொருவன், பங்கிராஸ் என்று வரிசையாகத் தாண்டினான். கருவேல மரத்தடியில் குருசாமியை உள்பக்கமாக உரசிக்கொண்டு போனான். வண்டி அவனுக்குக் கீழே துள்ளியது. உடம்பெல்லாம் ஒரே சந்தோஷம். அக்காவும் இல்லை, கூடலூரும் இல்லை, புழுதியில்லாத வெறும் தரை முன்னால் விரிந்து கிடந்தது. கரையில் ஊர் ஓவென்று கத்தியது.

அந்தச் சந்தோஷத்தோடேயே கரைமேல் ஏறிப் புளியமரத்தைக் கடந்தான். கூண்டு வண்டியின் முன்பலகைக்கு வந்து ராஜாத்தி எழுந்து நின்றிருந்தாள். மடியில் இருந்த பெட்டி கீழே விழுந்து கிடந்தது. அவள் கத்தவில்லை, கையையும் ஆட்டவில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

மடைக்கு முன்னால் ஓர் இடம் உண்டு. கசிவு நிற்காத இடம். மேலே காய்ந்து வெடித்த மாதிரி இருக்கும், கீழே தொடை ஆழத்துக்கு உளைச் சேறு. அந்த ஊர்க் கன்றுக்குட்டிக்குக்கூட அது தெரியும். எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். மூன்றாவது சுற்றில் சுருளி சுற்றவில்லை. அவசரத்தில் குறுக்கே வெட்டியவன் மாதிரி நேராக விட்டான்.

முன்சக்கரம் அமுங்கியது. அவன் வண்டிக்குமேல் பறந்து போய் முகம் குப்புற விழுந்தான். எழுவதற்குள் வண்டி சரிந்து, கொதிக்கிற புகைக்குழாய் கெண்டைக்காலில் அப்பியது. தோல் பொசுங்கிய வாடை அவன் மூக்குக்கே வந்தது.

குருசாமி பக்கத்தில் வேகத்தைக் குறைத்தான். தூக்கிவிட இல்லை. பின்சக்கரத்தை உளையின் ஓரத்தில் சுழலவிட்டுச் சுருளியின் முகத்தில் சேற்றை வாரி அடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே போனான். மற்ற இருவரும் நிற்காமல் போனார்கள். பங்கிராஸ் ஒருவன்தான் வண்டியை நிறுத்தினான்.

"கையக் குடு."

"நீ போடா. எனக்கு முன்னால போ."

பங்கிராஸ் அவனை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, போனான்.

சுருளி வண்டியை உளையிலிருந்து இழுத்து வெளியே போட்டு, உதைத்து உதைத்து உயிர் கொடுத்து வந்து சேர்ந்தபோது கூட்டம் பாதி கலைந்திருந்தது. குருசாமி கழுத்தில் யாரோ கதம்ப மாலை போட்டிருந்தார்கள்.

"வாங்க மாப்ளே. ரொம்ப நேரமாக் காத்துக்கிட்டிருக்கோம்" என்றான் அவன்.

சுருளி உட்கார்ந்து, டாங்கிக்குக் கீழே இருக்கிற குழாயைக் கழற்றித் தகர டப்பாவில் பெட்ரோலைப் பிடித்தான். கால் எரிந்தது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் நார்ட்டன் வண்டியின் டாங்கியில் ஊற்றினான். கரையோரம் மொத்தச் சனமும் பார்த்தது.

"சிந்தாம ஊத்துறா. உங்கக்கா போற வண்டி" என்றான் குருசாமி.

யாரோ சிரித்தார்கள். போன வருஷம் சிரித்தவர்கள்தான். ஊருக்கு ஆள் முக்கியமில்லை, சிரிக்க ஒரு காரணம் கிடைத்தால் போதும்.

ராஜாத்தி பெட்டியோடு இறங்கி வந்தாள். குருசாமி அவளைப் பார்க்காமலே வண்டியை உதைத்தான்.

"பெட்டி எதுக்கு? வேண்டியது அங்கன இருக்கு. ஏறு."

அவள் பெட்டியைக் கஸ்தூரியம்மாளிடம் கொடுத்தாள். ஏறப் போனவள் நின்று, சுருளியிடம் வந்து, தன் முந்தானையால் அவன் முகத்துச் சேற்றைத் துடைத்துவிட்டாள். துவைத்து வெளுத்த புடவை அது. அந்தக் கறையோடேயே பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்தாள். வண்டி மேல்மங்கலம் பாதையில் திரும்புகிற வரைக்கும் அவள் சிரித்த முகமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். தான் செய்த பாவம் கழிந்தது என்றே சுருளி நினைத்தான்.

"நல்லாத்தான் தோத்த" என்று பின்னால் பங்கிராஸின் குரல் கேட்டது. "மனசாரச் செஞ்சியா, இல்ல உங்கண்ணன் செய்யச் சொன்னாரா?"

"என்னடா பேசுற? எங்கக்கா வாழப் போகுது. அதுக்காக."

பங்கிராஸ் அவன் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான்.

"அப்ப உனக்குத் தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

"குருசாமி ரெண்டாந்தாரம் கட்டிட்டான்டா. தை மாசமே. ஆளுக்கு ஆள் சொல்லிக்கிறாக, தேனியில கடைவீதி பூராவும் தெரியும். அந்தப் பிள்ள இப்ப முழுகாம இருக்கு. அதுக்குப் பேறுகாலம் பார்க்க, துணி துவைக்க, வீட்டோட கெடந்து பாடுபட ஒரு ஆள் வேணும். அதுக்குத்தான் உங்கக்காவ ஏத்திக்கிட்டுப் போறான். நீ தெரிஞ்சுதான் சம்மதிச்சேன்டு நெனச்சேன். அதுனாலதான் காலையிலருந்து உன்கிட்ட முகங்குடுத்துப் பேசல."

சுருளிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் அண்ணனைத் தேடினான். மொக்கைச்சாமி புளியமரத்தடியில் மாடு பூட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். நொண்டி நொண்டி ஓடிப்போய் அவர் முன்னால் நின்றான்.

"அண்ணே, மச்சான் இன்னொருத்திய வச்சிருக்காகளாமே? மெய்யா?"

மொக்கைச்சாமி பங்கிராஸை ஒரு முறை முறைத்தார். பிறகு தம்பியின் தோளில் கை வைத்தார்.

"மெதுவாப் பேசு. சனம் நிக்குது."

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சு என்ன பண்ணச் சொல்ற? ரெண்டு பெண்டாட்டி கட்டாதவன் இந்தப் பக்கத்துல எத்தனை பேரு? வீடு வாசல் இருக்கு. ஒரு மூலையில இருந்துட்டுப் போறா. இங்கன இருந்தா மட்டும் மகாராணியாவா இருந்தா?"

"அக்காவுக்குத் தெரியாதுண்ணே! பூ வச்சுக்கிட்டுப் போகுதுண்ணே!"

"போனதும் தெரியும்" என்றாள் கூண்டு வண்டிக்குள்ளிருந்து கஸ்தூரியம்மாள்.

சுருளி கையை ஓங்கிக்கொண்டு திரும்பினான். மொக்கைச்சாமி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"யாருக்காகடா செஞ்சேன்? எனக்காகவா? கூடலூருக்கு ஆள் விட்டேன், எங்க வீட்டுப் பொண்ணு புருஷன் வீட்டுக்குப் போகுதுன்டு. ராக்கையா அண்ணன் சரின்டுட்டாக. இன்னைக்குப் பொழுது சாயத் தட்டு மாத்த வர்றாக. பெரியகுளத்துல சொந்தக்காரர் வீட்ல வந்து எறங்கியாச்சு. இப்பப் போயி நீ அவள மறிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தேன்டு வையி, அவுக அப்படியே பஸ் ஏறிருவாக. யோசிச்சுக்க."

இதற்குள் பங்கிராஸ் தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்து சுருளியின் பக்கத்தில் நிறுத்தியிருந்தான்.

"உன் வண்டியில பெட்ரோல் இல்ல. என் வண்டியில இருக்கு. எடு. பின்னால ஆள வச்சுக்கிட்டு அவன் வேகமாப் போக முடியாது. மேல்மங்கலம் தாண்டுறதுக்குள்ள மறிச்சிரலாம்."

கைப்பிடி சுருளியின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. எஞ்சின்கூட ஓடிக்கொண்டுதான் இருந்தது. உட்கார்ந்து திருக வேண்டியதுதான் பாக்கி.

அவன் அந்தக் கைப்பிடியைப் பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான்.

"இன்னைக்கேவா வர்றாக?" என்றான்.

அதைக் கேட்ட பங்கிராஸின் முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. அவன் தன் வண்டியில் ஏறினான். கரையை விட்டு இறங்கி, மேல்மங்கலம் பாதையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

சுருளி வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு மந்தை வழியாக நடந்தான். சட்டம் சட்டம்தானே. வாசல்களில் பெண்கள் நின்றார்கள். ஒரு கிழவர் வாயால் ஹாரன் அடித்துக் காட்டினார். அவனுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. பங்கிராஸ் பிடித்துவிடுவானா, பிடிக்காமல் விடுவானா என்பதே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டில் எது நடக்க வேண்டும் என்று அவன் விரும்பினான் என்பதை மட்டும் கேட்காதீர்கள்.

வீட்டில் கிணற்றடியில் குளித்தான். கஸ்தூரியம்மாள் பரிவாகக் காலுக்கு மஞ்சளும் எண்ணெயும் குழைத்துக் கொடுத்தாள். புது வேட்டி எடுத்து வைத்திருந்தாள். கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தது. ராஜாத்தி ஒரு வருஷம் படுத்திருந்த அறையைக் கழுவிவிட்டுக் கோலம்கூடப் போட்டாகிவிட்டது. இவ்வளவும் எப்போது நடந்தது என்று அவனுக்குப் புரியவில்லை.

விளக்கேற்றுகிற நேரத்துக்கு ராக்கையா தன் தம்பியோடும் பெரியகுளத்துச் சொந்தக்காரர்களோடும் வந்து உட்கார்ந்தார். நரைத்த மீசைக்காரர், கண்ணியமான மனிதர். பெண்ணைப் பெற்றவருக்கு இருக்கிற பயம் அவருக்கும் இருந்தது.

"காலுல என்ன மாப்ளே?"

"சூடு பட்டுருச்சு மாமா. சின்னக் காயம்தான்."

"மோட்டாரெல்லாம் கலியாணத்தோட ஏறக்கட்டிருங்க" என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா நெனைக்கப்படாது. உங்க அக்கா சேதிய உங்க வாயாலயும் ஒருக்காக் கேட்டுக்கிறேன். எம் பொண்ணு வந்து இருக்கப் போற வீடு பாருங்க."

மொக்கைச்சாமி பேசப் போனவர் நிறுத்திக்கொண்டு தம்பியைப் பார்த்தார். கூடம் முழுக்க அவனையே பார்த்தது.

"அது புருஷன் வீட்டுக்குப் போயிருச்சு மாமா. மச்சானே நேர்ல வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டாக. சந்தோஷமாப் போச்சு."

கடைசி வார்த்தையில் பொய் இல்லை என்பதுதான் அதில் பெரிய கொடுமை.

"அது போதும்" என்றார் ராக்கையா. அவர் முகம் மலர்ந்தது. தேங்காயும் பழமும் வெற்றிலையும் வைத்த தட்டைத் தூக்கி நீட்டினார். மொக்கைச்சாமி எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

அப்போதுதான் தெருக்கோடியில் அந்தச் சத்தம் கேட்டது.

மற்றவர்களுக்கு அது ஏதோ ஒரு மோட்டார். சுருளிக்குச் சிநேகிதர்களுடைய வண்டி ஒவ்வொன்றும் எப்படி இருமும் எப்படி மூச்சு விடும் என்பது அத்துப்படி. அது பங்கிராஸின் ட்ரையம்ப். வெறும் வண்டியாக வரவில்லை. மேடு ஏறுகையில் திணறியது. பின்னால் ஆள் இருக்கிறது. பின்சீட்டு இல்லாத வண்டியில், வெறும் இரும்புச் சட்டத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு, அந்நிய ஆண்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் ஊர் கண்ணெதிரே வருகிறாள் என்றால், அவள் திரும்பிப் போக இனி ஒரு புருஷன் வீடு கிடையாது. தெரிந்தே வருகிறாள். தம்பி இருக்கிறான் என்று வருகிறாள்.

சுருளி எழுந்தான்.

"எங்க மாப்ளே?" என்றார் ராக்கையா, தட்டைப் பிடித்தபடி.

"காத்து விளக்க அணைக்குது மாமா."

நொண்டி நொண்டிப் போய்த் தெருக்கதவைச் சாத்தினான். தாழ்ப்பாளைப் போட்டான். வாசலில் வண்டி வந்து நின்றது. இறங்குகிற சத்தம் கேட்டது. படியேறுகிற சத்தமும் கேட்டது.

"ஏலே சுருளி" என்று கதவுக்கு வெளியே ராஜாத்தி கூப்பிட்டாள். "நான்தான்டா. தொற."

கஸ்தூரியம்மாள் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டாள். மொக்கைச்சாமி தட்டுக்கு நீட்டிய கையை மடக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை.

"யாரோ பொம்பளைக் குரல் மாதிரி இருக்கே. யாரு மாப்ளே அது?" என்று கேட்டார் ராக்கையா.

கதவு இன்னொரு தரம் தட்டப்பட்டது. சுருளியின் உள்ளங்கைக்குக் கீழே மரம் அதிர்ந்தது.

"யாரோ வீடு தெரியாம வந்து தட்டுறாக மாமா" என்றான் அவன். "நீங்க தட்டக் குடுங்க."

உரக்கத்தான் சொன்னான். கதவுக்கு அந்தப் பக்கம் அது நன்றாகவே கேட்டது.